சிஸ்டத்துக்கு ஒரு மேலதிகாரி தேவை

மூலையில் சும்மா கிடந்த பிரிண்டர் திடீரென்று கடகடவென்று அலற, சிஸ்டம் கையில் இருந்த டீயைத் தன் கால்சட்டையிலேயே கொட்டிக்கொண்டான்.

நாற்காலி செய்து விற்கும் அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஆள் அவன் ஒருவன்தான். அதனால் எல்லோருக்கும் அவன் ‘சிஸ்டம்’. ‘சிஸ்டம், நெட் வரல.’ ‘சிஸ்டம், என் மவுஸ் செத்துடுச்சு.’ ஒருமுறை யாரோ அவன் மாமனார் வீட்டுக்கு ஃபோன் செய்து “சிஸ்டம் இருக்கா?” என்று கேட்டார்கள். “நாங்க கம்ப்யூட்டரெல்லாம் வச்சுக்கறதில்லைங்க” என்று சொல்லி மாமனார் ஃபோனை வைத்துவிட்டார்.

ஓடிப்போய்ப் பிரிண்டர் துப்பிய காகிதத்தை எடுத்துப் பார்த்தான். மேலே ‘முதலாளி’ என்று இருந்தது. அதற்குக் கீழே, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி, ‘முதலாளி’. அதற்கும் கீழே, இன்னும் கொஞ்சம் தள்ளி, ‘முதலாளி’. படிப்படியாக இறங்கிப் போய்க் காகிதத்தின் ஓரத்தில் ‘மு’ மட்டும் எட்டிப் பார்த்தது. அதற்கப்புறம் வெள்ளைக் காகிதமாக வந்து விழுந்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்டு பர்சனல் மேடம் வந்துவிட்டார். கம்பெனியில் எல்லோருடைய விடுப்பும் வயிற்றுவலியும் அவருக்கு அத்துப்படி.

“என்னப்பா இது, யாராவது உன்னை இம்போசிஷன் எழுதச் சொன்னாங்களா?”

“இல்ல மேடம். முதலாளி தனக்கு மேலதிகாரின்னு தன்னோட நம்பரையே போட்டிருக்கார்.”

“போட்டா என்ன?”

“முதலாளிக்குக் கீழ யாருன்னு புரோகிராம் தேடுது. முதலாளி கிடைக்கிறார். சரி, இவருக்குக் கீழ யாருன்னு தேடுது. திரும்பவும் முதலாளி கிடைக்கிறார். ஒரு அளவுக்கு மேல போனா நின்னுடுன்னு எழுதி வச்சிருந்தேன். இல்லேன்னா இன்னைக்கு முழுக்க முதலாளியேதான்.”

பர்சனல் மேடம் முதலாளியின் அறைக்குப் போய் விசாரித்துவிட்டுத் திரும்பினார்.

“படிவத்துல அந்தக் கட்டம் காலியா இருந்துச்சாம். காலியா விட்டா பேங்க்ல திருப்பி அனுப்புவாங்க, அந்தப் பழக்கத்துல எழுதிட்டேன்னார். நீயே அழிச்சுக்கயேன்.”

விஷயம் இதுதான். கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி வாங்குகிறது. புதிய முதலாளி மூன்று மணிக்கு வருகிறார். இங்கே யார் யாருக்குக் கீழே யார் யார் வேலை செய்கிறார்கள் என்பதை மரம் போலக் கிளை பிரித்துக் காட்டும் கோப்பு ஒன்று அவருக்கு வேண்டும். பர்சனல் மேடத்திடம் இருந்தது தட்டையான எக்ஸ்எம்எல் கோப்பு. அதில் ஆளுக்கு ஒரு வரி: அவர் நம்பர், அவர் பெயர், அவருடைய மேலதிகாரியின் நம்பர். பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி வைத்த மாதிரி. அந்த வரிசையைக் கலைத்து, தாய்க்குப் பக்கத்தில் பிள்ளை, பிள்ளைக்குப் பக்கத்தில் பேரன் என்று குடும்பம் குடும்பமாக உட்கார வைக்க வேண்டும். அதற்குத்தான் எக்ஸ்எஸ்எல்டி என்கிற மொழியில் சிஸ்டம் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். தலைவரைப் பிடி. அவர் நம்பரை மேலதிகாரியாகப் போட்டவர்களை எல்லாம் அவருக்குள் வை. அவர்கள் ஒவ்வொருவருக்கும் இதையே திரும்பச் செய். அவ்வளவுதான் புரோகிராம். மனிதர்கள் ஒழுங்காக இருந்தால் அரை மணி நேர வேலை.

சிஸ்டம் தற்காலிக ஊழியன். இந்த வேலையைச் சுத்தமாக முடித்துக் கொடுத்தால் புதிய முதலாளியிடம் சொல்லி நிரந்தரம் ஆக்குவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். நிரந்தரம் ஆனால் மாமனார் வீட்டிலிருந்து கிளம்பித் தனிக்குடித்தனம் போகலாம். வாடகைக்கு வீடுகூடப் பார்த்தாகிவிட்டது. காலையில் குளியலறைக்குள் போனால் மத்தியானம் வெளியே வரும் மச்சான் இல்லாத வீடு. அந்த நினைப்பே சிஸ்டத்துக்குத் தித்தித்தது.

முதலாளியின் மேலதிகாரி நம்பரை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினான். இந்த முறை பிரிண்டர் சாதுவாக இரண்டு பக்கம் கொடுத்துவிட்டு நின்றது. மரம் அழகாக வந்திருந்தது. மேலே முதலாளி, அவருக்குக் கீழே பொது மேலாளர், அவருக்குக் கீழே ஒவ்வொரு பிரிவு.

பத்து நிமிடம் கழித்துக் கணக்கு மேலாளர் அந்தக் காகிதத்தோடு வந்தார்.

“தம்பி, நான் எங்க?”

தேடினார்கள். அவர் இல்லை. அவர் பிரிவில் ஒருவர்கூட இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே கொள்முதல் மேலாளரும் உள்ளே வந்தார். அவரும் இல்லை.

சிஸ்டம் எக்ஸ்எம்எல்லைத் திறந்து பார்த்தான். “சார், நீங்க உங்க மேலதிகாரின்னு கொள்முதல் சார் நம்பரைப் போட்டிருக்கீங்க.”

“ஆமா. அவர் கையெழுத்து இல்லாம நான் ஒரு பில்லைக்கூட பாஸ் பண்ண முடியாது.”

“கொள்முதல் சார், நீங்க இவர் நம்பரைப் போட்டிருக்கீங்க.”

“இவர் கையெழுத்து இல்லாம நான் ஒரு ஆணிகூட வாங்க முடியாதே.”

“அப்ப நீங்க அவருக்குக் கீழ, அவர் உங்களுக்குக் கீழ. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு அந்தரத்துல நிக்கிறீங்க. மரம் முதலாளியில இருந்து இறங்கி வருது. உங்க கிட்ட வர வழியே இல்ல.”

“சரி, அவரை எனக்குக் கீழ போட்டுடு” என்றார் கணக்கு.

“ஏன், உங்களை எனக்குக் கீழ போட்டா ஆகாதா?” என்றார் கொள்முதல்.

“நான் உங்களுக்கு சீனியர்.”

“முடி கொட்டினதுல சீனியர்.”

சண்டை வளர்ந்துகொண்டே போனது. சிஸ்டம் கடிகாரத்தைப் பார்த்தான். “சார், பொதுவா ஒண்ணு பண்றேன். பொது மேலாளர்தான் உடம்பு சரியில்லாம லீவுல இருக்காரே. உங்க ரெண்டு பேரையும் நேரா முதலாளிக்குக் கீழ போட்டுடறேன்.”

இரண்டு பேர் முகமும் மலர்ந்தது. சிஸ்டம் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டான். அது அன்றைக்கு அவன் செய்த பெரிய தப்பு.

விற்பனை மேலாளர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பேசிப் பேசியே உடைந்த நாற்காலியைக்கூட விற்றுவிடுவார் என்று பெயர் வாங்கியவர். இப்போது அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது.

“சிஸ்டம், உனக்கு விஷயம் தெரியாதா? நம்மளை வாங்குற கம்பெனியில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். ‘அடுக்கு பார்த்துத்தான் ஆள் குறைப்போம்’னு அவங்க முதலாளி சொல்லியிருக்காராம். அடுக்கு. புரியுதா?”

“புரியல சார்.”

“எந்தத் தோட்டக்காரனை வேணா கேளு. மரத்துல எந்தக் கிளையைக் கழிப்பாங்க?”

“கீழ்க் கிளையை.”

“அதேதான். பொது மேலாளருக்குக் கீழ நான் மூணாவது அடுக்கு. கணக்கும் கொள்முதலும் ரெண்டாவது அடுக்குல. நான் மட்டும் என்ன இளிச்சவாயனா?”

“சார், அது அவங்க நம்பர்ல ஒரு சிக்கல்னு…”

“உன் நிரந்தர விஷயமா முதலாளி கிட்ட எடுத்துச் சொல்லப்போறது யாரு? நான்தான?”

சிஸ்டம் விற்பனை மேலாளரை இரண்டாவது அடுக்குக்கு ஏற்றினான். ஒரே ஒரு நம்பரை மாற்றினால் போதும். அவர் பிரிவு மொத்தமும் குட்டிகளோடு நகரும் பூனை மாதிரி அவர் பின்னாலேயே ஏறி வந்தது. எக்ஸ்எஸ்எல்டியின் அழகே அதுதான்.

அவர் வெளியே போனதுமே கிடங்கு மேலாளர் வந்தார். அப்புறம் தரக்கட்டுப்பாடு வந்தார். போக்குவரத்து வந்தார். விளம்பரம் வந்தார். ஒவ்வொருவரும் கதவைச் சாத்திக்கொண்டு, வேறு யாருக்கும் தெரியாத ரகசியமாக அதே தோட்டக்காரன் கதையைச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் சிஸ்டத்தின் நிரந்தரத்துக்குத் தானே பொறுப்பு என்றார்கள். பர்சனல் மேடம் கதவைச் சாத்தவில்லை. “என்னையும் ஏத்திடு” என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குள் முதலாளிக்கு நேர் கீழே ஒரு பெரிய கும்பலே நின்றது. லீவில் இருந்த பொது மேலாளருக்குக் கீழே யாருமே மிச்சமில்லை. அவர் மட்டும் கிளை இல்லாத பனைமரம் போல ஓரமாக நின்றார்.

சாப்பாட்டு நேரத்தில் மனைவி கூப்பிட்டாள்.

“அப்பா கேக்கறாங்க. வேலை நிரந்தரமாகுமா ஆகாதான்னு.”

“எல்லாரையும் மேல ஏத்திக்கிட்டிருக்கேன்.”

“நீங்க எங்க இருக்கீங்க?”

அப்போதுதான் சிஸ்டத்துக்கு உறைத்தது. காலையிலிருந்து தன் பெயரை அவன் தேடவே இல்லை. ஃபோனைக் காதில் வைத்தபடி மரத்தில் தேடினான். மேலே இல்லை, நடுவே இல்லை, அடியிலும் இல்லை.

“நான் இல்ல” என்றான்.

“இல்லேன்னா? செய்யறதே நீங்கதான? பரிமாறுறவங்க தனக்கு எடுத்து வச்சுக்க மாட்டாங்களா?”

காரணம் எளிது. அவனுடைய மேலதிகாரி, கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர், போன மாதம் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் வரியை பர்சனல் மேடம் அழித்துவிட்டார். சிஸ்டத்தின் வரியில் மட்டும் அவர் நம்பர் அப்படியே இருந்தது. இல்லாத ஆளுக்குக் கீழே இருப்பவனை மரம் எப்படிக் கண்டுபிடிக்கும்?

சிஸ்டம் ஒரு விதி எழுதிச் சேர்த்தான். மேலதிகாரியின் நம்பருக்கு உரிய ஆளே கோப்பில் இல்லையென்றால், அந்த அநாதையை நேராக முதலாளிக்குக் கீழே வை. நேர்மையான விதி. யாராக இருந்தாலும் பொருந்தும். ஓட்டினான். இரண்டாவது அடுக்கில், விற்பனை மேலாளருக்கும் பர்சனல் மேடத்துக்கும் நடுவில், சிஸ்டம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

மனைவிக்குச் சொன்னான். அவள் அப்பாவுக்குச் சொன்னாள். மாமனார் வாழ்க்கையில் முதல்முறையாக அவனிடம் ஃபோனில் பேசினார். “மாப்பிள்ளை, முதலாளிக்கு அடுத்தபடி நீங்கதானாமே. சாயங்காலம் சீக்கிரம் வந்துடுங்க.”

அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் புதுப் பிரதியைப் பிடித்துக்கொண்டு பர்சனல் மேடம் வந்து நின்றார்.

“இது யாரு, என் பக்கத்துல?”

“நான்தான் மேடம். நானா போட்டுக்கல. விதி போட்டுச்சு.”

“அப்ப விதியை மாத்து. தற்காலிக ஆள் என் பக்கத்துல நின்னா வர்றவர் என்னையும் தற்காலிகம்னு நினைக்க மாட்டாரா?”

“எனக்கு மேலதிகாரியே இல்லையே மேடம். என்னை எங்க வைக்கிறது?”

“ஒருத்தரைத் தேடிக்க. அவங்களே வந்து ‘சரி, என் கீழ வச்சுக்கறேன்’னு எங்கிட்ட சொல்லணும். மூணு மணிக்குள்ள. இல்லேன்னா உன் வரியையே எடுத்துடுவேன்.”

இப்படித்தான் சிஸ்டம் தனக்கு மேலே ஒருவரைத் தேடி அலுவலகம் முழுக்க அலைந்தான்.

கணக்கு மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. ஆனா எனக்குக் கீழ கூட்டம் அதிகமா இருந்தா, ‘இத்தனை பேரை வச்சுக்கிட்டு என்னதான் பண்றே’ன்னு கேப்பாங்கல்ல.”

கொள்முதல் மேலாளர் முதலில் ஒரு கேள்வி கேட்டார். “கணக்கு உன்னைச் சேத்துக்கிட்டாரா?”

“இல்ல சார்.”

“அவரே வேணாம்னு சொன்ன பொருளை நான் எதுக்கு வாங்கணும்?”

விற்பனை மேலாளர் தோளில் கைபோட்டு வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்தார். அப்படிக் கூட்டிக்கொண்டு வந்தது வெளியே அனுப்பத்தான் என்று வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. தரக்கட்டுப்பாடு அவனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். கால்சட்டையில் டீக்கறை இருந்தது. அதோடு அவர் முடிவு செய்துவிட்டார்.

கடைசியில் படிக்கட்டு அருகே ஏணியின் உச்சியில் நின்று டியூப்லைட் மாற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீசியன் விசாரித்தார். “என்ன சிஸ்டம், முகம் ஃபியூஸ் போன மாதிரி இருக்கு?”

சிஸ்டம் சொன்னான்.

“இவ்வளவுதானா? என் கீழ வந்துக்க. எனக்கு மேல தலைமை எலக்ட்ரீசியன், அவருக்கு மேல பராமரிப்பு சூப்பர்வைசர், அவருக்கு மேல கிடங்கு சார், அதுக்கு மேல முதலாளி. மேலதான் நெரிசல். கீழ ஒரு ஈ காக்கா இல்ல.”

“நிஜமாவா அண்ணே?”

“நிஜமாத்தான். ஆனா ஏணியைப் பிடிக்கணும். கீழ ஆள் வச்சுக்கறதே அதுக்குத்தான?”

சிஸ்டம் ஏணியைப் பிடித்தான். விளக்கு எரிந்ததும் எலக்ட்ரீசியன் இறங்கிப் போய் பர்சனல் மேடத்திடம் ‘சரி’ என்றார். மூன்று மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது மரம் கடைசி முறையாக ஓடி முடிந்தது. கம்பெனியிலேயே மிக ஆழமான இடத்தில், மற்ற எல்லாக் கிளைகளுக்கும் கீழே, சிஸ்டம் தனியாகத் தொங்கினான்.

மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது. “அப்பா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டாங்க. முதலாளிக்கு அடுத்தபடின்னு.”

“இப்ப கொஞ்சம் மாறிடுச்சு. எலக்ட்ரீசியனுக்கு அடுத்தபடி.”

“அப்பா கிட்ட என்னன்னு சொல்றது?”

“பவர் இருக்கிற இடம்னு சொல்லு.”

புதிய முதலாளி ஒல்லியான மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடும் பழக்கம் அவருக்கு இருந்தது. அவருடன் நடுத்தர வயதுச் செயலாளர் அம்மா ஒருவர் வந்திருந்தார். எல்லோரும் கூட்ட அறையில் உட்கார, சிஸ்டம் மரத்தைத் திரையில் போட்டான்.

இரண்டாவது அடுக்கு திரைக்குள் அடங்கவில்லை. மவுஸை உருட்டி உருட்டி வலப்பக்கமாக ஓட்ட வேண்டியிருந்தது. ரயில் ஜன்னலில் ஸ்டேஷன்கள் நகர்வது போலக் கணக்கு, கொள்முதல், விற்பனை, கிடங்கு, பர்சனல் என்று ஒவ்வொன்றாக நகர்ந்தன. தன் பெயர் வந்தபோது ஒவ்வொருவரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“இத்தனை பேர் நேரா உங்க கிட்டதானா?” என்று புதிய முதலாளி பழைய முதலாளியைக் கேட்டார்.

பழைய முதலாளிக்கே அது புதுச் செய்திதான். இருந்தாலும் கௌரவத்தை விட்டுக்கொடுக்காமல், “எல்லாரும் என் நேரடிப் பார்வையில இருக்கணும்னு நினைப்பேன்” என்றார்.

சிஸ்டம் கீழ்ப்பக்கமாக உருட்டினான். உருட்டிக்கொண்டே போனான்.

“அந்தக் கடைசியில தனியா தொங்குறது யாரு?”

“நான்தான் சார்.”

“எலக்ட்ரீசியனா?”

“கம்ப்யூட்டர் சார்.”

“அப்புறம் ஏன் எலக்ட்ரீசியனுக்குக் கீழ இருக்கீங்க?”

“பிளக்கைச் சொருகுற வேலைதான சார்” என்றார் விற்பனை மேலாளர். அறை முழுக்கச் சிரித்தது. புதிய முதலாளி சிரிக்கவில்லை. நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வரை நிதானமாகப் படித்தார்.

“ரொம்பத் தெளிவா இருக்கு. இதை வச்சே முடிவு பண்ணிடலாம்” என்று சொல்லிவிட்டுப் பழைய முதலாளியோடு அறைக்குள் போனார்.

சிஸ்டம் தன் மேசைக்கு வந்து சார்ஜரையும் டீக்குவளையையும் பைக்குள் போட்டுக்கொண்டான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலாளர்கள் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கணக்கும் கொள்முதலும் கையெழுத்து தவிர வேறொரு விஷயத்துக்காக முதன்முறையாகக் கை நீட்டி, குலுக்கிக்கொண்டார்கள்.

விற்பனை மேலாளர் எட்டிப் பார்த்தார். “மனசைத் தளர விடாதே தம்பி. கீழ இருக்கிறவனுக்கு விழப் பயமில்ல பாரு.”

பர்சனல் மேடம் கையை நீட்டினார். “உன் அடையாள அட்டையை இப்பவே குடுத்துட்டா எனக்கு வேலை மிச்சம்.”

சிஸ்டம் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினான். மாமனார் வீட்டுக் குளியலறைக் கதவு அவன் கண் முன்னே வந்து, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது.

அப்போது அறைக் கதவைத் திறந்துகொண்டு செயலாளர் அம்மா நேராக அவனிடம் வந்தார். சுற்றி நின்றவர்களுக்கு ஒரு புன்னகை, அவனுக்கு ஒரு தலையசைப்பு.

“மரம் போட்டது நீங்கதான? பையை வச்சுட்டு உக்காருங்க தம்பி. எங்க கம்பெனியில மேலாளருங்க ஏற்கெனவே நிறைய பேர் இருக்காங்க, அதனால முதலாளிக்கு நேர் கீழ இருக்கிற அந்த ஒரு அடுக்கை மட்டும் தனியா பிரிண்ட் எடுத்துக் குடுங்க, வேலையை விட்டு அனுப்பற கடிதத்துல யார் பேரும் விட்டுப் போயிடக் கூடாது.”